மறு: ‘பக்கவாட்டு வாசிப்பு’ வேண்டாமே

அன்பின் ஐயா, வணக்கம். ஓர் இணையதளத்தை நம்பலாமா என்று அதைவிட்டு வெளியே வந்து, வேறு தளங்களில் பார்த்து அறிவதுதான் லேட்டரல் ரீடிங். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் எழுதியது:

> லேட்டரல் ரீடிங் என்பதற்குப் ‘பக்கவாட்டு வாசிப்பு’ போதும். பொருள் தெளிவு.

கிருஷ்ணகிரியில் எங்கள் நூலகத்துக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். “ஒருக்களிச்சுப் படுத்துப் படிக்கிறதா சார்?” என்றாள் ஒரு பெண். நூலகத்தில் ‘பக்கம்’ என்றால் புத்தகத்தின் பக்கம்தான் நினைவுக்கு வரும்.

2017-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றாய்வாளர்கள், மாணவர்கள், செய்திச் சரிபார்ப்பாளர்கள் என மூன்று தரப்பிடம் சில இணையதளங்களைக் கொடுத்து எடைபோடச் சொன்னார்கள். முதல் இரு தரப்பில் பலர் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ வந்த வேகத்தில் வெளியேறி, வேறு டேப்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். படித்தது குறைவு, கண்டுபிடித்தது அதிகம். (வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931-இலேயே நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் தம் ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக வைத்ததும் நினைவுக்கு வருகிறது.)

நமக்கு இது புதிதில்லை. மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளை வீட்டிலேயா கேட்போம்? அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். ஆகவே என் பரிந்துரை: அக்கம்பக்க வாசிப்பு.

சென்ற மழையில் தென்பெண்ணைக் கரை விவசாயி ஒருவர் போனை நீட்டினார். எங்கள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை மதகு உடைந்து தண்ணீர் சீறும் காணொளி, ‘இப்போது நடந்தது’ என்ற குறிப்போடு. “வீடியோவை மூடுங்க, அணை பேரைப் போட்டுத் தேடுவோம்” என்றேன். அதே உடைந்த மதகு, 2017-ஆம் ஆண்டுச் செய்தியில் இருந்தது. காணொளி உண்மை, ‘இப்போது’தான் பொய். மனிதர் மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

---

வணக்கம் சார், தருமபுரியிலிருந்து.

நல்ல சொல்தான். ஆனால் நீங்கள் விரட்டிய ‘பக்கம்’ ‘அக்கம்பக்க’த்துக்குள் ஒளிந்திருக்கிறதே! அப்புறம், இடம் மட்டும் போதாது, காலத்தையும் கேட்க வேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004 பிப்ரவரிக்கு முன் வந்த புத்தகம் உங்கள் அணையைத் தருமபுரி மாவட்டம் என்றே சொல்லும். அது பொய்யில்லை, பழசு. எனவே விசாரிப்பு என்ற பொருள் சொல்லிலேயே இருக்கட்டும். ஈழத்து நூலகங்களில் ‘உசாத்துணை’ (ரெஃபரன்ஸ்) என்ற சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உசாவு என்றால் விசாரி; அந்த வேரிலிருந்து உசாவி வாசித்தல் என்று வைக்கலாமா? ‘உசாவிப் படி’ என்று ஏவவும் வரும்.

---

அம்மா, பக்கம் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், சரி. எழுத்தில் ‘உசாவி வாசித்தல்’ இருக்கட்டும். கவுண்டரில் நான் “அக்கம்பக்கம் விசாரிச்சீங்களா?” என்றுதான் கேட்பேன். ‘உசாவி’யை நாளை அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.