லினக்ஸில் வைரஸ் ஏன் அவ்வளவாகத் தொற்றுவதில்லை?

கேள்வி (ஜெராக்ஸ் கடைக்காரர்):
வணக்கம். தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். நாள் முழுவதும் வாடிக்கையாளர்களின் பென்டிரைவ்கள் செருகப்படும் எங்கள் விண்டோஸ் கணினியில், ஃபோல்டர்களையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிடும் வைரஸ் அடிக்கடி வந்துவிடுகிறது. அதே பென்டிரைவை உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) போட்ட பழைய லேப்டாப்பில் செருகினால், காணாமல் போன ஃபோல்டர்கள் அப்படியே தெரிகின்றன. லேப்டாப்புக்கும் ஒன்றும் ஆவதில்லை. லினக்ஸைப் பயன்படுத்துவோர் குறைவு என்பதால் அதற்கு யாரும் வைரஸ் எழுதுவதில்லை என்கிறார் பழுது பார்ப்பவர். காரணம் அவ்வளவுதானா?

மறுமொழி 1 (சர்வர் நிர்வாகி):
அவர் சொல்வது பாதி உண்மை. மேசைக் கணினிகளில் லினக்ஸ் குறைவுதான்; ஆனால் இணையத்தின் சர்வர்களில் (இணையதளங்களை இயக்கும் கணினிகளில்) பெரும்பாலானவை லினக்ஸில்தான் ஓடுகின்றன, திருடுவதற்கு அங்கேதான் சரக்கு அதிகம்.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளம், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட 1970களில் வளர்ந்தது என்பதால், ஒருவர் மற்றவரின் கோப்பையோ கணினியின் அடிப்படைக் கோப்புகளையோ தொட முடியாதபடி அனுமதிகள் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டன. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும் அனுமதிகள் உண்டு. ஆனால் நிறுவும்போது உருவாக்கும் கணக்கே எதையும் மாற்றக்கூடிய நிர்வாகிக் கணக்காக இருந்ததால், பூட்டு இருந்தும் கதவு திறந்தே கிடந்தது. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்த பிறகுதான் "அனுமதிக்கவா?" என்று கேட்கும் வழக்கம் வந்தது.

கோப்பின் பெயரும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகைச் சுற்றிவந்த 'ஐ லவ் யூ' புழு (தன்னைத்தானே பரப்பிக்கொள்ளும் தீய நிரல்), மின்னஞ்சலில் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடியும் இணைப்பாக வந்தது; 'டிஎக்ஸ்டி' என்றால் வெறும் எழுத்துக் கோப்பு, 'விபிஎஸ்' என்றால் ஓடக்கூடிய நிரல். கடைசி மூன்றெழுத்தை விண்டோஸ் மறைத்துவிட்டதால், வெறும் கடிதம் என்று நினைத்துத் திறந்தவர்கள் ஏராளம். லினக்ஸில் இணைப்பாக வந்த கோப்புக்கு நாமே இயக்க அனுமதி கொடுத்தாலொழிய அது பொதுவாக நிரலாக ஓடாது.

உங்கள் பென்டிரைவில் நடப்பது வேறு. வைரஸ் உண்மையான ஃபோல்டருக்கு 'மறைக்கப்பட்டது' என்ற குறியிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. உபுண்டு அந்தக் குறியைப் பொருட்படுத்துவதில்லை. விண்டோஸ் ஷார்ட்கட்டும் அதற்கு வெறும் கோப்புதான்.

மறுமொழி 2 (நிரலாளர்):
அனுமதியை நண்பர் சற்று அதிகமாகவே புகழ்கிறார். என் புகைப்படங்களும் கணக்குகளும் என் பெயரில்தானே இருக்கின்றன? அவற்றைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலுக்கு ரூட் (லினக்ஸின் நிர்வாகி) அனுமதி தேவையே இல்லை. நிரல் எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியம் என்பது என் கருத்து: உபுண்டுவில் பெரும்பாலும் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட களஞ்சியத்திலிருந்து (உபுண்டுவின் நிரல் தொகுப்பிலிருந்து) நிறுவுகிறோம், விண்டோஸிலோ 'கிராக்' (காசு கொடுக்காமல் ஓடும்படி உடைத்த நிரல்) தேடி எந்தத் தளத்துக்கும் போகிறோம். லினக்ஸ் என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு 2016இன் மிராய் என்ற தீய நிரல் சாட்சி. அது லினக்ஸில் இயங்கிய சிசிடிவி கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்தது, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் உபுண்டுவில் பிரிண்ட் எடுத்துவிட்டுப் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தால் போதுமா?

மறுமொழி 3 (சர்வர் நிர்வாகி):
போதாது. உங்கள் லேப்டாப் தப்பித்தாலும் வைரஸ் பென்டிரைவிலேயே இருக்கும். வாடிக்கையாளர் வீட்டுக் கணினியில் அது மறுபடி வேலையைக் காட்டும். அவரிடம் கேட்டுக்கொண்டு, தேவையான ஆவணங்களை மட்டும் லேப்டாப்புக்கு நகலெடுங்கள்; பென்டிரைவை ஃபார்மேட் செய்து, அவற்றைத் திரும்பப் போடுங்கள். புதிதாக நகலெடுத்தவற்றில் மறைப்புக் குறி இருக்காது. கடை விண்டோஸில் அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத கணக்கை வைத்துக்கொண்டு, கோப்பு நீட்சிகள் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) தெரியும்படி மாற்றிவிடுங்கள்.