மெல்போர்ன் டீமன்ஸ் 2007–2021: டிராஃப்ட்டில் எடுத்த பையன்களை எப்படி எடைபோடுவது? (அனுபவப் பகிர்வு)

செந்தில்

நவம்பரில் ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) டிராஃப்ட் முடிந்த மறுநாளே கிளப்புகளுக்கு மார்க் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். எடுத்தவர்கள் பதினெட்டு வயதுப் பையன்கள். ஒரு நாள் பயிற்சிகூட நடந்திருக்காது. அந்த மார்க்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்து வருஷம் கழித்து, "டஸ்டின் மார்ட்டினை விட்டுட்டாங்களே" என்று புலம்புவதிலும் பிரயோஜனம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உருப்படியான ஒரு வழி இருக்கிறது. அதை மெல்போர்ன் கிளப்பை வைத்துச் சொல்கிறேன். 2007 முதல் 2012 வரை மிக மோசமாகவும், 2014-க்கு மேல் மிகச் சிறப்பாகவும் பையன்களை எடுத்தது ஒரே கிளப் என்பதால் ஒப்பிட வசதி.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: டிராஃப்ட் என்றால் கிளப்புகள் புது ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது, ஒவ்வொரு முறையும் ஒரு பிக். பட்டியலில் கடைசியாக வந்த அணிக்கு முதல் பிக். பிக் எண்ணையே டிரேடில் (கிளப்புகளுக்கு இடையிலான பரிமாற்றத்தில்) விற்கலாம், வாங்கலாம். அப்பா அதே கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகனுக்குத் தனிச் சலுகை.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு வரி போடுங்கள். பிக் எண், பெயர், அவருக்குப் பின் எடுக்கப்பட்ட பத்துப் பேர், டிராஃப்ட்டுக்கு முன்பு பத்திரிகைகளில் வந்த கணிப்புப் பட்டியல்களில் அவர் இடம், முதல் ஆட்டம் ஆடிய வயது, கிளப்பை விட்டுப் போன விதம், போகும்போது ஈடாக வந்தது. அந்தப் பத்துப் பேர் என்ற கட்டம்தான் முக்கியம். 4-ஆவது பிக்கில் எடுத்தவரை 60-ஆவது பிக்கில் எங்கோ கிடைத்த வைரத்தோடு ஒப்பிடக் கூடாது. அந்த வைரத்தை எல்லாக் கிளப்பும்தான் பலமுறை தாண்டிப் போயிருக்கின்றன.

2007-ஐப் பாருங்கள். 4-ஆவது பிக்கில் மெல்போர்ன் எடுத்தது கேல் மார்ட்டன். 7-இல் ரைஸ் பால்மர், 9-இல் பென் மெக்எவாய், 10-இல் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட், 12-இல் சிரில் ரியோலி. 2008 முடிவில் மதிப்பிட்டிருந்தால் பால்மர்தான் முதலிடம், ஏனென்றால் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான அந்த ஆண்டின் ரைசிங் ஸ்டார் விருது அவருக்கு. டேஞ்சர்ஃபீல்ட் அப்போது பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டிருந்தார். 2016-இல் பிரவுன்லோ மெடல் (சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கானது) வாங்கியவர் டேஞ்சர்ஃபீல்ட். நடுக்கள ஆட்டக்காரருக்கு நான்கு வருஷமும், உயரமான முன்கள, பின்கள ஆட்டக்காரர்களுக்கு ஆறு வருஷமும், ரக்மேனுக்கு (நடுவர் எறியும் பந்துக்குத் தாவும் உயரமானவர்) ஏழு வருஷமும் ஆகாமல் அந்த வரிக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

2008 இன்னும் கசப்பு. முதல் பிக் ஜாக் வாட்ஸ். இரண்டாவதாக வெஸ்ட் கோஸ்ட்டுக்குப் போனவர் நிக் நைட்டனுயி. இதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் கவனிக்கச் சொல்வது 17, 18, 19. 17-இல் மெல்போர்ன் சாம் பிளீஸ். 19-இல் மெல்போர்ன் ஜேம்ஸ் ஸ்ட்ராஸ். நடுவில் 18-இல் வெஸ்ட் கோஸ்ட் எடுத்தது லூக் ஷூயி, 2018 கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் மெடல்காரர். இங்கே "அப்போது கிடைக்கவில்லை" என்ற வாதமே எடுபடாது. 17-இல் கை நீட்டியிருந்தால் கிடைத்திருப்பார்.

கடைசியாக ஒரு கட்டம் பாக்கி: தோல்விக்குக் காரணம். நான் நான்கு வகையாக எழுதுவேன். கணிப்புப் பிழை, வளர்ப்புப் பிழை, காயம், கைநழுவல் (நல்ல பையன் வேறு கிளப்புக்குப் போய்விடுவது). இந்தப் பிரிவினை இல்லாமல் எல்லாவற்றையும் "ரெக்ரூட்டர் சரியில்லை" என்று ஒரே கூடையில் போட்டால், ஒரு கிளப் எங்கே சறுக்கியது என்றே தெரியாமல் போய்விடும்.

மயூரன்

செந்தில் அண்ணை, அந்த வளர்ப்புப் பிழை எண்ட கட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாய்ச் சொல்ல விரும்புகிறேன். மெல்பேர்ண் கழகத்தின்ர கதையில் பாதி அதுதான்.

ஜாக் வாட்ஸ் 2009 யூன் மாதம், குயின்ஸ் பேர்த்டே அன்று, எம்.சி.ஜி. மைதானத்தில் கொலிங்வூட்டுக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினவர். அப்ப அவர் 12-ஆம் ஆண்டு படிக்கிற பெடியன். பெரிய ஆட்களின்ர மோதலைத் தாங்கிற உடம்பு இல்லை. அந்த வருடத்தின் மிகப் பெரிய சனக்கூட்டங்களில் ஒன்றுக்கு முன்னால் இறக்கிவிட்டவை. அதுக்குப் பிறகு 2017 வரைக்கும் இடைக்காலப் பயிற்சியாளர்களையும் சேர்த்து ஆறு பேர்: டீன் பெய்லி, டொட் வைனி, மார்க் நீல்ட், நீல் கிரெய்க், போல் ரூஸ், சைமன் குட்வின். ஒவ்வொருத்தரும் அவரை ஒவ்வொரு இடத்தில் விளையாட விட்டால் ஒரு முன்களக்காரன் எப்படி நிலைக்கிறது?

2009-இல் 2-ஆவது தெரிவாய் வந்த ஜாக் ட்ரென்கோவ் 2012-இல், 20 வயதில், ஜாக் கிரைம்ஸோடு சேர்ந்து இணைத்தலைவர். கழகம் அப்ப எந்த நிலையில் இருந்தது தெரியுமோ? 2011 யூலை 30-இல் ஜீலோங்கிடம் 186 புள்ளிகளால் தோத்திருந்தது: 233-க்கு 47. அதுக்கு அடுத்த நாளே பெய்லியை நீக்கிவிட்டினம். அந்தச் சுமையை ஒரு சின்னப் பெடியனின் தோளில் ஏத்தினது தெரிவாளர் இல்லை. பிறகு பாதத்தில் நவிகுலர் எலும்பு முறிவு. ட்ரென்கோவின் வரியில் நான் காயம், வளர்ப்பு எண்டு இரண்டையுமே எழுதுவன்.

ஆகவே ஒவ்வொரு வரியிலும் இன்னும் மூண்டு கேள்வியைச் சேருங்கோ. முதல் நாலு வருடத்தில் எத்தனை தலைமைப் பயிற்சியாளர்? அதே இடத்தில் விளையாடின மூத்தவர் ஆராவது பக்கத்தில் இருந்தவரோ? இரண்டாம் தர அணியில் போதிய காலம் ஆட விட்டவையோ? மக்ஸ் கோனைப் பாருங்கோ. 2009-இல் 34-ஆவது தெரிவு. 2011-இல் முதல் ஆட்டம். முழங்கால் காயங்களால் நெடுநாள் இழுபட்டது. 2016-இல்தான் முதல் தடவை ஓல்-அவுஸ்திரேலியன் அணி (அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் அணி). ஏழு வருடம்! முதல் சுற்றில் எடுத்திருந்தால் இவ்வளவு பொறுமை காட்டியிருப்பினமோ எண்டது எனக்குப் பெரிய சந்தேகம். 34 எண்டபடியால் ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை.

பிரபா

நல்ல பதிவு. ஆனால் 2009 பற்றி ஒரு கேள்வி. 1-இல் டாம் ஸ்கல்லி, 2-இல் ட்ரென்கோவ், 3-இல் ரிச்மண்ட் டஸ்டின் மார்ட்டின். பிரவுன்லோ ஒன்று, நார்ம் ஸ்மித் மூன்று. இதைக் கணிப்புப் பிழை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வீர்கள்?

செந்தில்

பிரபா, கணிப்புப் பட்டியல்களில் எந்த இடம் என்ற கட்டம் இதற்குத்தான். அந்த ஆண்டு ஸ்கல்லியும் ட்ரென்கோவும் முதல் இரண்டு இடம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடே இல்லை. எல்லோரும் சொன்ன வழியில் போய்த் தோற்ற கிளப்புக்கும், எல்லோரையும் மீறிப் போய்த் தோற்ற கிளப்புக்கும் ஒரே மார்க் கொடுக்கக் கூடாது. ஸ்கல்லியின் வரியில் நான் எழுதுவது கைநழுவல். ஆட்டம் தெரிந்த பையன். 2011 முடிவில் புதிதாக வந்த ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) கிளப் தூக்கிக்கொண்டு போனது. அங்கே பல வருஷம் நன்றாகவே ஆடினார். ஈடாக மெல்போர்னுக்கு இரண்டு முதல் சுற்று பிக்குகள் வந்தன.

2009-இல் மனசு ஆறாதது 11-உம் 18-உம்தான். ஜோர்டன் கைஸ்பர்ட்ஸ், லூக் டாப்ஸ்காட். 20-இல் ஃப்ரீமான்டில் எடுத்தது நாட் ஃபைஃப், பிரவுன்லோ இரண்டு முறை. இரண்டு பெயருக்குமே அவர் அந்தப் பத்துப் பேர் கட்டத்துக்குள் வருகிறார்.

2012-இல் 4-ஆவது பிக் ஜிம்மி டூம்பாஸ். அடுத்து வரிசையாக ஜேக் ஸ்டிரிங்கர், ஜாக்சன் மெக்ரே, ஆலி வைன்ஸ். அடுத்த மூன்று பேருமே மேல். இதற்குச் சமாதானம் சொல்ல நான் தயாரில்லை.

கவிதா

நான் டிரேட் கணக்குப் பக்கம் வருகிறேன். ஆட்டக்காரரை மட்டும் பார்த்தால் பாதிப் படம்தான் தெரியும். அந்த பிக்குக்குக் கொடுத்த விலை தெரிய வேண்டும்.

ஒவ்வொரு பிக்குக்கும் மதிப்பு வைத்து 2015-இல் ஏ.எஃப்.எல். கொண்டுவந்த புள்ளி அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1-ஆவது பிக் 3000, 2-ஆவது 2517, 3-ஆவது 2234, 4-ஆவது 2034, 5-ஆவது 1878, 6-ஆவது 1751, 8-ஆவது 1551, 10-ஆவது 1395. மகன் சலுகைக்கும் அகாடமி (கிளப்பே நடத்தும் பயிற்சிப் பள்ளி) பையன்களுக்கும் ஈடு கட்டத்தான் அது வந்தது. ஆனாலும் டிரேடை எடைபோட இதைவிட வசதியான தராசு கிடையாது. 2025-இல் விதிகள் மாறியதால் பழைய டிராஃப்ட்டுக்குப் பழைய அட்டவணையையே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

2015-இல் மெல்போர்ன் கோல்டு கோஸ்ட்டிடம் தங்கள் 6-ஆவது பிக்கையும் 2016-இன் முதல் சுற்று பிக்கையும் கொடுத்து 3-ஐயும் 10-ஐயும் வாங்கியது. பின் சுற்று பிக்குகளை ஒதுக்கிவிட்டுக் கூட்டினால் வாங்கியது 3629, அன்றைக்குக் கையில் இருந்து போனது 1751. இடைவெளி 1878, அதாவது சரியாக ஒரு 5-ஆவது பிக். அடுத்த வருஷம் மெல்போர்ன் 14-ஆவது இடத்தில் முடித்திருந்தால் அவர்கள் கொடுத்ததும் 5-ஆவது பிக்காக இருந்திருக்கும். 11-ஆவதாக முடித்தார்கள், அதனால் 8-ஆவது பிக்குக்கான இடம். 1551 புள்ளி. எதிர்கால பிக்கை விற்பது என்றால் நம் அணி அடுத்த வருஷம் முன்னேறும் என்று பந்தயம் கட்டுவது. அந்தப் பந்தயத்தில் ஜெயித்தார்கள்.

அந்த 3, சிட்னி அகாடமிப் பையன் கேலம் மில்ஸ் முன்னால் நுழைந்ததால் 4 ஆனது. எடுத்தது கிளேட்டன் ஆலிவர். டார்சி பாரிஷ்தான் போவார் என்று பலர் எதிர்பார்த்த இடம். பாரிஷ் அடுத்த பிக்கிலேயே எசெண்டனுக்குப் போனார். எல்லோரையும் மீறிப் போய் ஜெயித்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தக் கிளப்பில் இல்லை.

ஆனால் அதே ராத்திரி, அதே மேஜையில், 9-இல் சாம் வைடமன். உயரமான முன்கள ஆட்டக்காரர் வேண்டும் என்று எடுத்தார்கள். 10-இல் கார்ல்டன் ஹாரி மெக்கே, 12-இல் மறுபடி கார்ல்டன் சார்லி கர்னோ. மூவரும் ஒரே இடத்து ஆட்டக்காரர்கள். அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் மெடல் 2021-இல் மெக்கேவுக்கு, 2022, 2023 இரண்டும் கர்னோவுக்கு. வளர்ப்பு, காயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு டிராஃப்ட்டுக்கு மொத்தமாக ஒரே மார்க் போடக் கூடாது என்பதற்கு 2015 போதும்.

போனவர்களின் விலையையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஜேம்ஸ் ஃப்ராலி 2014-இல் ஹாதார்ன் போனதற்கு ஈடாக வந்த 3-ஆவது பிக் ஆங்கஸ் பிரேஷா. வாட்ஸை 2017-இல் போர்ட் அடிலெய்டுக்குக் கொடுத்து வாங்கிய 31-ஆவது பிக்கில் வந்தவர் பெய்லி ஃப்ரிட்ச். 2021 கிராண்ட் ஃபைனலில் ஆறு கோல்! ஜெஸ்ஸி ஹோகனை 2018-இல் ஃப்ரீமான்டிலுக்கு அனுப்பி வாங்கிய 6-ஐ அப்படியே கோல்டு கோஸ்ட்டிடம் கொடுத்து ஸ்டீவன் மேயைக் கொண்டுவந்தார்கள். கூடவே கேட் கொலோஜாஷ்னியும். கோல்டு கோஸ்ட் அந்த 6-இல் பென் கிங்கை எடுத்தது. இரு தரப்புக்குமே நல்ல வியாபாரம்.

மயூரன்

கவிதா சொன்ன ஃப்ரிட்ச் சங்கதியை வாட்ஸின் வரியில் போடுறதோ, போடக்கூடாதோ? என்ரை கருத்து, தனிக் கட்டம் வேணும். 1-ஆவது தெரிவு 31 ஆனது நட்டம்தான். அந்த 31-ஐ நல்லாய்ப் பாவிச்சது 2017 தெரிவுக் குழுவின்ர கெட்டித்தனம்.

செந்தில்

ஆமாம் மயூரன், தனிக் கட்டமே சரி. இல்லாவிட்டால் பிந்தைய குழுவின் உழைப்பு முந்தைய குழுவின் கணக்கில் ஏறிவிடும்.

இப்போது கிளப் மொத்தத்துக்கும் ஒரு சோதனை. 2021 செப்டம்பர் 25, பெர்த், கிராண்ட் ஃபைனல். மெல்போர்ன் 140, வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 66. 1964-க்குப் பிறகு முதல் பிரீமியர்ஷிப் (சாம்பியன் பட்டம்). மாற்று ஆட்டக்காரரையும் சேர்த்து அன்று 23 பேர். ஒவ்வொருவரும் எந்த வழியில் வந்தார்கள் என்று எழுதுங்கள்.

வேறு கிளப்பில் ஆடிவிட்டு வந்தவர்கள் ஐந்து பேர்: மே, ஜேக் லீவர், எட் லாங்டன், பென் பிரவுன், மைக்கேல் ஹிபர்ட். ஐந்தில் மூவர் பின்களம். ஆக, பின்களத்தின் முதுகெலும்பை டிரேடில் வாங்கி, நடுக்களத்தை டிராஃப்ட்டில் கட்டியிருக்கிறார்கள். மிச்சம் 18 பேர் சொந்தமாக எடுத்தவர்கள். பெட்ராக்கா, பிரேஷா, ஆலிவர், சேலம், லூக் ஜாக்சன், பிக்கெட் என்று முதல் சுற்றுப் பையன்கள் வரிசையாக வருகிறார்கள். பெட்ராக்கா 2014-இல் 2-ஆவது பிக். 2015 முழுக்க ஏ.சி.எல். (முழங்கால் தசைநார்) காயத்தால் ஒரு ஆட்டம்கூட இல்லை. ஆறு வருஷம் கழித்து நார்ம் ஸ்மித் மெடல், 39 டிஸ்போசல் (பந்தை உதைத்தோ கையால் தட்டியோ கொடுத்தது).

அந்த 18 பேரில் 2007 முதல் 2012 வரையிலான முதல் சுற்று பிக்குகளில் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. ஆனால் அதே ஆண்டுகளின் பின் சுற்றுகளில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மாக்ஸ் கான் (மயூரன் சொன்ன கோன்) 34, டாம் மெக்டொனால்ட் 53. 2012-இல் 26-ஆவது பிக்கில் ஜாக் வைனி. வைனியை ரெக்ரூட்டரின் கண்டுபிடிப்பாகக் கணக்கில் ஏற்றாதீர்கள். டாட் வைனியின் மகன், அந்தச் சலுகையில் வந்தவர். முதல் பத்துக்குள் போகக்கூடிய தகுதி என்று எல்லோருக்கும் தெரிந்த பையன், மற்ற கிளப்புகள் முன்கூட்டி ஏலம் கேட்காததால் இரண்டாம் சுற்று பிக்கில் கிடைத்தார். ஜீலோங்கின் 2001-ஐப் புகழும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். பார்ட்டல் 8, கெல்லி 17, ஸ்டீவ் ஜான்சன் 24 ஆகியவை கெட்டிக்காரத்தனம். கேரி ஆப்லெட் 40 என்பது அன்றைய மகன் விதி கொடுத்த பரிசு.

முதல் சுற்றில் அத்தனை சறுக்கிய ஆட்கள்தான் கானையும் மெக்டொனால்டையும் எடுத்தார்கள். ஆகவே அவர்களுக்கு ஆட்டம் பார்க்கவே தெரியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோற்றுக்கொண்டே இருந்த அணி, மேலே வந்த பையன்களை அவசரமாகக் களத்தில் இறக்கியது. கீழே வந்தவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. 2014-இல் ரூஸ் வந்து தடுப்பாட்டத்தை ஒழுங்குபடுத்திய பிறகுதான் முதல் சுற்றுப் பையன்களுக்கும் அந்த அவகாசம் வந்தது.

ஒரு வரியை மட்டும் நான் இன்னும் மூடவில்லை. 2019-இன் 3-ஆவது பிக் லூக் ஜாக்சன். 2021 ரைசிங் ஸ்டார், அதே வருஷம் பிரீமியர்ஷிப், 2022 முடிவில் சொந்த ஊர்ப் பக்கம், ஃப்ரீமான்டிலுக்கு. ஈடாக இரண்டு முதல் சுற்று பிக்கும் ஒரு இரண்டாம் சுற்று பிக்கும் வந்தன. கணிப்பில் முழு மார்க். கைநழுவலா, லாபமா என்பது அந்த பிக்குகள் யார் யாராக மாறின, அவர்கள் ஆறாவது வருஷத்தில் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.