நெதர்லாந்தின் 'பிசோன்டர்' பள்ளி: 'தன்னெறிப் பள்ளி' சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

நெதர்லாந்தில் அரசு அல்லாமல் சங்கமோ அறக்கட்டளையோ தன் கொள்கைப்படி நடத்தும் 'பிசோன்டர்' (bijzonder) பள்ளியை ஓரிடத்தில் 'சிறப்புப் பள்ளி' என்றும் இன்னோரிடத்தில் 'தனியார் பள்ளி' என்றும் எழுதிவருகிறோம். இரண்டும் பிழை. சிறப்புப் பள்ளி என்றால் நமக்கு மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் படிக்கும் பள்ளி. தனியார் பள்ளி என்றாலே கட்டணம்தான் நினைவுக்கு வரும். அங்கோ, 1917 அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு சங்கமோ அறக்கட்டளையோ நடத்தும் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே அளவுகோலில் பொதுப்பணம் போகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இவற்றில்தான் படிக்கிறார்கள். அதைத் 'தனியார்' என்று அட்டவணையில் போட்டால், பணம் கட்டிப் படிக்கும் நாடு என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள்.

'அரசு உதவி பெறும் பள்ளி' எனலாமா?

——

> 'அரசு உதவி பெறும் பள்ளி' எனலாமா?

வேண்டாம் ஐயா. பணம் கடைசியில் வந்தது. 1806 சட்டப்படி இத்தகைய பள்ளி தொடங்கவே அனுமதி வாங்க வேண்டும். 1848 அரசமைப்பு கற்பிக்கும் உரிமையைத் தந்தது, காசு தரவில்லை. 1878 சட்டம் கட்டடத்துக்கும் ஆசிரியருக்கும் தரநிபந்தனைகளை உயர்த்தி, செலவை இப்பள்ளிகளை நடத்துவோர் தலையிலேயே கட்டியது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட புராட்டஸ்டன்டுகள் கையெழுத்திட்டு, அதில் ஒப்பமிட வேண்டாம் என்று மன்னர் மூன்றாம் வில்லெமிடம் மனுக் கொடுத்தும், அவர் ஒப்பமிட்டார். 1889இல்தான் முதல் மானியம். உதவியின் பெயரால் அழைத்தால், உதவியே இல்லாத காலத்துப் பள்ளிகளுக்கு என்ன பெயர் வைப்பது?

இந்தப் பள்ளிகளின் கருத்துவேர் கால்வினியம் என்னும் புராட்டஸ்டன்டு மரபில் இருக்கிறது. 1618–19இல் கூடிய டோர்ட் மாமன்றம் (நெதர்லாந்துத் திருச்சபையின் பேரவை) மறைக்கல்வியை, அதாவது சமயப் போதனையை, மூன்று பேரிடம் ஒப்படைத்தது: வீட்டில் பெற்றோர், பள்ளியில் ஆசிரியர், திருச்சபையில் போதகர். 129 கேள்விகள் கொண்ட ஹைடல்பெர்க் வினாவிடை என்ற போதனை நூலை மூன்று இடத்திலும் பிள்ளை கேட்கும். ஞானஸ்நானத்தின்போது, இந்தப் போதனையில் பிள்ளையை வளர்ப்போம் என்று பெற்றோர் வாக்குக் கொடுக்கிறார்கள். பள்ளி அந்த வாக்கின் நீட்சி. 1880இல் ஆம்ஸ்டர்டாம் சுதந்திரப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவைத்து கால்வினிய இறையியலாளரும் அரசியல்வாதியுமான ஆபிரகாம் கைப்பர் பேசியதும் இதையொட்டியே: குடும்பம், திருச்சபை, கல்வி ஒவ்வொன்றும் தன் வட்டத்தில் கடவுளுக்கே நேரடியாகப் பொறுப்பு, அரசு அதன் அதிகாரத்துக்கு ஊற்று அல்ல.

ஆகவே என் பரிந்துரை 'தன்னெறிப் பள்ளி'. 'தன்' என்பது பெற்றோரையும் அவர்கள் அமைத்த சங்கத்தையும் குறிக்கும்.

——

> 'தன்னெறிப் பள்ளி'

ஒரு தடை உண்டு. மதம் சாராத பிசோன்டர் பள்ளிகளும் இருக்கின்றன. 'சமயப் பள்ளி' அங்கே உடைந்துவிடும். 'நெறி' தாங்குகிறது: சைவநெறி என்கிறோம், வாழ்க்கைநெறி என்றும் சொல்கிறோம். கூட்டிப் பார்த்தேன்: கத்தோலிக்கத் தன்னெறிப் பள்ளி, சமயஞ்சாராத் தன்னெறிப் பள்ளி. இடறவில்லை. 'தன்னாட்சிப் பள்ளி' கூடாது. தன்னாட்சிக் கல்லூரி என்ற வழக்கோடு குழம்பும். 'சுயநிதி' நேர் எதிர்ப்பொருள்.

எதிர்ச்சொல்லை 'பொதுப் பள்ளி' என்று வைக்காமல் 'அரசுப் பள்ளி' என்றே வைப்போம், நகராட்சி நடத்தினாலும். தன்னெறிப் பள்ளியும் பொதுப்பணத்தில் நடப்பதால் 'பொது' இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: 'நெறி'யையும் 'தரநிபந்தனை'யையும் பிரித்தே பதியுங்கள். ஆசிரியர் தகுதி போன்றவற்றை அரசு விதிக்கலாம். நெறியில் கைவைக்க முடியாது. இன்று அரசமைப்பின் 23ஆம் பிரிவு நிற்பது இந்தப் பிரிவினைமேல்தான். கலைச்சொல் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து வரட்டும்.