‘பெஞ்ச்மார்க்’: உரைகல், மட்டக்குறி என இரு சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கணினிகளின் செயல்திறனைச் சோதிக்கும் மென்பொருள்களைத் தமிழாக்கும்போது, ஒப்பிட்டு அளப்பதைக் குறிக்கும் ‘பெஞ்ச்மார்க்’ (benchmark) வரும் இடங்களிலெல்லாம் ‘தரப்படுத்தல்’ என்று எழுதிவிடலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. தரங்களை வகுப்பதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது; இலங்கைத் தமிழருக்கோ அது 1970களின் பல்கலைக்கழக அனுமதி முறையையே முதலில் நினைவூட்டும். ‘அளவுகோல்’ என்பதும் பொருந்தாது. ஆவணச் செயலியின் விளிம்பில் தெரியும் அளவுகோலோடு மோதும்.

யூனிக்ஸ்பெஞ்ச் என்னும் சோதனைத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். ட்ரைஸ்டோன், வெட்ஸ்டோன் என்னும் சோதனைக் கணக்கீடுகள், கோப்பு நகலெடுத்தல், ஷெல் நிரல்கள் எனப் பல வேலைகளைக் கணினியிடம் கொடுத்து, கிடைக்கும் எண்களை ஸ்பார்க்ஸ்டேஷன் 20-61 என்னும் பழைய சன் நிறுவனக் கணினியின் எண்களோடு ஒப்பிட்டு, அக்கணினியின் மதிப்பை 10 என வைத்துக்கொண்டு, நம் கணினிக்குரிய குறியீட்டெண்ணை அது சொல்கிறது. வேலை வாங்கும் நிரல், அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தல், ஒப்பீட்டுக்கு அசையாமல் நிற்கும் பழைய மதிப்பு ஆகிய மூன்றையும் பேச்சுவழக்கில் ‘பெஞ்ச்மார்க்’ என்றே சொல்லிவிடுகிறோம். தமிழில் அவற்றைப் பிரித்தே சொல்லலாம்.

நிரலுக்கு ‘உரைகல்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். பொற்கொல்லர் பொன்னைக் கல்லில் உரைத்து, மாற்று (தூய்மையின் அளவு) தெரிந்த பொன்னின் கீற்றோடு ஒப்பிட்டுத்தான் அதை மதிப்பிடுவார். யூனிக்ஸ்பெஞ்ச் செய்வதும் அதே வேலைதான். ‘உரை’ என்பது கணினித் தமிழில் எழுத்துத் தரவைக் குறிப்பதால் குழப்பம் வரும் என்ற மறுப்பு எழலாம். ‘உரைக்கோப்பு’ என்பதில் ஒற்று மிகுகிறது. ‘உரைகல்’ வினைத்தொகையாதலால் மிகாது. எழுத்திலேயே வேறுபாடு தெரிவதால், இம்மறுப்பை நான் பெரிதாகக் கருதவில்லை.

அதே பொருளுடைய இன்னொரு பழைய சொல் ‘கட்டளைக்கல்’. ‘கருமமே கட்டளைக்கல்’ என்னும் 505ஆம் குறள், செய்யும் வேலையைக் கொண்டே ஒருவரை மதிப்பிட வேண்டும் என்பதால் நம் துறைக்கென்றே எழுதியது போலிருக்கிறது. ஆனால் முனையத்தில் நாளெல்லாம் ‘கட்டளை’ இடுபவர்கள் அச்சொல்லைப் பார்த்தவுடன் வேறொன்றைத்தான் நினைப்பார்கள், மனமில்லாமலேதான் விடுகிறேன். ‘ஸ்கோர்’ என்பதற்கு ‘மாற்று’ என்று எழுதவும் ஆசைதான், ஆயினும் இடைமுகங்களில் அது ‘மாற்றுக’ என்னும் ஏவலாகவே படிக்கப்படும். ‘மதிப்பெண்’ போதும்.

நிலையான ஒப்பீட்டு மதிப்புக்கு ‘மட்டக்குறி’ எனலாம். நில அளவையாளர்கள் உயரத்தை அளக்கக் கல்லில் வெட்டி வைத்த குறியே ஆங்கிலச் சொல்லின் பிறப்பிடம் என்பதால், இச்சொல் மூலத்துக்கும் நெருக்கமானது.

ஓட்டிப் பார்ப்பதற்கு ‘ஓட்டம்’ என்ற எளிய சொல்லே தகும். ஃபொரோனிக்ஸ் டெஸ்ட் சூட் என்னும் சோதனை மென்பொருள் பொதுவாக ஒரு சோதனையை மூன்று முறை ஓட்டி, முடிவுகள் ஒன்றுக்கொன்று மிகவும் விலகினால் தானே மேலும் சில முறை ஓட்டும். அவ்விடத்தில் ‘மூன்றாம் ஓட்டம் முடிந்தது’ என்று வருவது இயல்பாகவே இருக்கிறது.

இன்னொரு வரையறையும் வேண்டும். லினக்ஸ் தொடங்கும்போது அதன் மையநிரலான கெர்னல் காட்டும் போகோமிப்ஸ் (BogoMIPS) எண்ணை உரைகல் மதிப்பெண்ணாக எழுதக் கூடாது. அது காலம் தாழ்த்தும் வெற்றுச் சுழலைச் செயலியின் வேகத்துக்கேற்பச் சரிசெய்துகொள்ளக் கணக்கிடப்படுவது. ‘போலி’ என்னும் பொருளுடைய ‘போகஸ்’ (bogus) அதன் பெயரிலேயே இருக்கிறது. வெவ்வேறு செயலிகளை அதைக்கொண்டு ஒப்பிடுவது பொருளற்றது.

ஆகவே இடைமுகச் சொற்றொடர்களை ‘உரைகல்லை ஓட்டுக’, ‘உரைகல் தொகுப்பு’, ‘மட்டக்குறியோடு ஒப்பிடுக’ என்று அமைக்கலாம். ‘உரைத்தல்’ என்பதைத் தனி வினையாகப் பயன்படுத்துவதை மட்டும் தவிர்ப்போம். அது ‘சொல்லுதல்’ என்றே படிக்கப்படும்.