இயங்கும் தளத்தோடு ஒரே சர்வரில் வரைபலகையை நிறுவுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். என் சர்வரில் என்ஜின்எக்ஸ் (Nginx) என்ற வெப் சர்வர் மென்பொருள் வழியாக ஓர் இணையதளம் 80, 443 ஆகிய போர்ட்களில் (இணைப்பு வாயில்களில்) இயங்குகிறது. பலர் சேர்ந்து வரையக்கூடிய டபிள்யூபிஓ (WBO) பலகையை, மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டகத்தில் இயக்கும் டாக்கர் மூலம் அங்கேயே நிறுவ முயன்றால், 80ஆம் போர்ட் பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வருகிறது. தளத்தைப் பாதிக்காமல் இதைச் சேர்க்க வழி உண்டா?

மறுமொழி:
உண்டு. கண்டெய்னரின் 80ஆம் போர்ட்டை சர்வரின் 127.0.0.1:5001 முகவரியோடு இணையுங்கள். சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய 127.0.0.1 என்பதை விட்டுவிட்டால் பலகை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடும். டாக்கர் எழுதும் விதிகள் லினக்ஸின் யுஎஃப்டபிள்யூ (UFW) ஃபயர்வாலையும் தாண்டிவிடும் என்பதால் இதில் மிகுந்த கவனம் வேண்டும். பிறகு துணை டொமைன் ஒன்றை உருவாக்கி, என்ஜின்எக்ஸில் அதற்கெனத் தனி சர்வர் பிளாக் (அந்த டொமைனுக்கான அமைப்புப் பகுதி) எழுதி, கோரிக்கைகளை 5001க்கு அனுப்புங்கள்.

மற்றொரு மறுமொழி:
அந்த பிளாக்கில் எச்டிடிபி 1.1 பதிப்பையும், அப்கிரேடு, கனெக்‌ஷன் ஆகிய ஹெட்டர்களையும் குறிப்பிட மறவாதீர்கள். இவை இல்லாமல், வரைவதை உடனுக்குடன் பகிர உதவும் வெப்சாக்கெட் இணைப்பு அமையாது.

கேட்டவர்:
பலகை இயங்குகிறது, மிக்க நன்றி. ஆனால் கண்டெய்னரை நீக்கி மீண்டும் உருவாக்கியதும் படங்கள் அழிந்துவிட்டன.

மறுமொழி:
படங்கள் கண்டெய்னருக்குள்ளேயே சேமிக்கப்பட்டதுதான் காரணம். சர்வரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதன் உரிமையைக் கண்டெய்னருக்குள் பலகையை இயக்கும் பயனர் எண் 1000க்கு மாற்றி, பலகையின் தரவுக் கோப்புறையோடு வால்யூமாக (கண்டெய்னருக்கு வெளியே தங்கும் சேமிப்பாக) இணைத்துவிடுங்கள்.