புதுப்பிப்பு: சட்டக் கல்லூரி சந்திப்புக்குப் போய் வந்தேன்

இருபதாம் ஆண்டுச் சந்திப்புக்குப் போவதா வேண்டாமா, கூடப் படித்தவர்கள் நீதிபதி, சீனியர் வழக்கறிஞர் என்று ஆகியிருக்க நான் மட்டும் ஒப்பந்தங்களைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். சரி, போய்விட்டேன்.

வாசலில் கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். மேலே பெயர், கீழே பதவி. பதவியைக் காலியாக விட்டேன். மாதிரி நீதிமன்றப் போட்டியில் என்னோடு சேர்ந்து வாதாடியவள் இப்போது மாவட்ட நீதிபதி. என் அட்டையைப் பார்த்தாள், தன்னுடையதைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒரு மணி நேரம், போட்டியில் நான் வேறொரு வழக்கின் தீர்ப்பை எடுத்து வாசித்த கதைதான்.

அப்போது இங்கே ஒருவர் எனக்கு ஆறுதலாக, அமெரிக்காவின் சாண்ட்ரா டே ஓ'கானரைச் சொல்லியிருந்தார். 1952இல் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் முடித்தவருக்கு ஒரு சட்ட நிறுவனம் தர முன்வந்தது வழக்கறிஞர் வேலை இல்லை, தட்டச்சு செய்யும் செயலாளர் வேலை. உடன் படித்த ரென்குவிஸ்ட் 1972லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். இவர் 1981இல், அங்கே முதல் பெண் நீதிபதியாக. நல்ல கதைதான், ஆனால் எனக்கு ஆறுதலாக இல்லை. நான் அங்கெல்லாம் போகப் போவதில்லையே!

கிளம்பும்போது மூன்று பேர், ஒப்பந்தம் ஒன்றைப் பார்த்துத் தர முடியுமா என்று என் எண்ணை வாங்கிக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் சீனியர்கள்.