ஓவர்லாக் மெஷினில் கீழ் லூப்பர் நூல் மட்டும் அறுந்துகொண்டே இருக்கிறது

புதுநூல் எழுதியது:

வீட்டு உபயோகத்துக்கான நாலு நூல் ஓவர்லாக் மெஷின் (துணியின் ஓரத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டே பிசிறாமல் தைப்பது) ஒன்று வாங்கியிருக்கிறேன். சாதாரண தையல் மெஷின் நன்றாகவே பழக்கம். கம்பெனியிலேயே கோர்த்து அனுப்பியிருந்த நூலில் ஓட்டிப் பார்த்தபோது ஓரம் அவ்வளவு அழகாக விழுந்தது. கோன்களை மாற்றி வேறு நிறம் போட்டதிலிருந்துதான் தொல்லை. கீழ் லூப்பர் (துணிக்கு அடியில் நூலைக் கொண்டுபோகும் கொக்கி) நூல் ஒரு சாண் துணி போவதற்குள் அறுகிறது, திரும்பக் கோர்க்கிறேன், திரும்ப அறுகிறது. கீழ் லூப்பர் டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, 4இலிருந்து 2 வரை இறக்கிவிட்டேன், அறுவது நிற்கவில்லை, தையல் மட்டும் தொளதொளவென்று ஆனதுதான் மிச்சம். ஊசி இரண்டையும் மாற்றியாகிவிட்டது. பனியன் துணி, பருத்தித் துணி இரண்டிலும் இதே கதை. மற்ற மூன்று நூலும் ஒழுங்காக ஓடுகின்றன. நூல் மட்டமா, மெஷினிலேயே கோளாறா? சர்வீசுக்குக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

சாமணம் எழுதியது:

முதலில் டயல்களை எல்லாம் கையேட்டில் சொன்ன எண்ணுக்கே திருப்பி வையுங்கள், பெரும்பாலான மெஷின்களில் அது 4 ஒட்டித்தான் இருக்கும். இப்போது ஒரு கேள்வி. கீழ் லூப்பர் நூல் அறுந்ததும் அதை மட்டும் கோர்த்துவிட்டு, ஊசிகளில் இருக்கும் நூலைத் தொடாமல் அப்படியே ஓட்டுகிறீர்களா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அப்படியென்றால் நூலும் நல்ல நூல், மெஷினும் நல்ல மெஷின்.

இதில் பாபின் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். ஊசி கீழே போய்த் திரும்பி ஏறும்போது அதன் பின்பக்கம் நூல் லேசாக வளையும், அந்த வளையத்துக்குள் கீழ் லூப்பர் இடமிருந்து வலமாக நுழைந்து தன் நூலைக் கொண்டுபோகும். மேல் லூப்பர் அதை வாங்கிக்கொண்டு துணிக்கு மேலே ஏறி, அடுத்து இறங்கும் ஊசிக்கு வழி விடும். ஊசியில் நூல் இருக்கும்போதே கீழ் லூப்பரைக் கோர்த்தால், ஊசி நூல் ஏற்கெனவே அந்த லூப்பரைச் சுற்றிக் கிடக்கும், புது நூல் அதில் மாட்டி இழுபட்டு அறும். எத்தனை தடவை கோர்த்தாலும் இதேதான்.

ஆகவே இரண்டு ஊசியிலிருந்தும் நூலை உருவிவிடுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக ஒன்றிரண்டு சுற்று சுற்றினால் லூப்பரில் சிக்கியிருக்கும் ஊசி நூல் விடுபட்டுவிடும், மிச்சம் இருந்தால் சாமணத்தால் எடுத்துவிடுங்கள். பிறகு மேல் லூப்பர், கீழ் லூப்பர், வலது ஊசி, இடது ஊசி என்ற வரிசையில் கோருங்கள். சில மெஷின்களின் கையேட்டில் லூப்பர்களின் வரிசை மாறியிருக்கும், அதில் சொன்னபடியே செய்யுங்கள். ஆனால் ஊசிகள் கடைசியில்தான், அதில் மாற்றம் இல்லை. இனிமேல் கீழ் லூப்பர் நூல் எப்போது அறுந்தாலும் ஊசி நூலை உருவாமல் கோர்க்கவே கோர்க்காதீர்கள்.

கோர்க்கும் நேரம் முழுக்க ஃபுட் மேலே இருக்கட்டும், அப்போதுதான் பெரும்பாலான மெஷின்களில் டென்ஷன் தட்டுகள் திறந்து நூல் உள்ளே போய் உட்காரும். கோர்த்து முடித்ததும் ஃபுட்டை இறக்கி ஒவ்வொரு நூலையும் லேசாக இழுத்துப் பாருங்கள், கைக்கு ஒரு பிடிமானம் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த நூல் தட்டுகளுக்கு நடுவில் இல்லை என்று அர்த்தம். டென்ஷன் சரியில்லை என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் அபிப்பிராயம். பின்னால் இருக்கும் நூல் தாங்கிக் கம்பியையும் முழு உயரத்துக்கு இழுத்து விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், பாதியில் நின்றாலும் நூல் தடைபடும்.

நாலுகோன் எழுதியது:

மேலே சொன்னது அத்தனையும் சரி. கூடவே ஒன்று செய்யுங்கள், கையேட்டில் எந்தெந்த ஊசிக்கும் லூப்பருக்கும் எந்த நிறம் போட்டிருக்கிறதோ அதே நிறத்தில் நாலு நூல் போட்டு ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பாருங்கள். ஒரே நிறத்தில் நாலு நூலும் போட்டுவிட்டு எது தளர்ந்திருக்கிறது என்று தேடுவது கண்ணுக்குத்தான் கேடு.

நிறம் பிரிந்து தெரிந்தால் தையல் தானே சொல்லிவிடும். மேல் லூப்பர் நூலும் கீழ் லூப்பர் நூலும் துணியின் விளிம்பில் சந்திக்க வேண்டும். மேல் லூப்பர் நிறம் அடிப்பக்கம் வழிந்தால் அது தளர்ச்சி, அல்லது கீழ் லூப்பர் இறுக்கம். கீழ் லூப்பர் நிறம் மேலே எட்டிப் பார்த்தால் அதற்கு நேர் எதிர். துணியை அடிப்பக்கம் திருப்பும்போது ஊசி நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால் அந்த ஊசியின் டென்ஷன் போதவில்லை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு டயலை, அதுவும் அரை எண் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். இரண்டைச் சேர்த்துத் திருப்பினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

விளிம்பு உள்ளே சுருண்டாலோ, கண்ணிகள் துணிக்கு வெளியே காற்றில் நின்றாலோ அது டென்ஷனாகவும் இருக்கலாம், கத்தி வெட்டும் அகலமாகவும் இருக்கலாம். தையல் அகலத்தைவிடத் துணி அதிகமாக இருந்தால் சுருளும், குறைவாக இருந்தால் கண்ணி வெளியே நிற்கும்.

ஊசி மாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த ஊசி? சில வீட்டு ஓவர்லாக்குகள் சாதாரண 130/705 எச் ஊசியிலேயே ஓடும், சிலவற்றுக்கு இஎல்எக்ஸ்705 தான் வேண்டும், அதில் பின்பக்கமும் நீளமாகப் பள்ளம் இருக்கும். ஊசியை முட்டும் வரை மேலே தள்ளி இறுக்குங்கள். சரியாக ஏறியிருந்தால் இடது ஊசியின் முனை வலதைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரியும், அதைப் பார்த்துக் கோணல் என்று நினைத்துக் கீழே இறக்கிவிடாதீர்கள், தையல் விட ஆரம்பித்துவிடும்.

புதுநூல் எழுதியது:

ஊசி நூலை உருவிவிட்டுக் கோர்த்தேன், அறுவது நின்றுவிட்டது! இருவருக்கும் மிக்க நன்றி. நான் கீழ் லூப்பரை மட்டும்தான் கோர்த்துக்கொண்டிருந்தேன், கையேட்டில் வரிசை எண் போட்டிருந்தது, ஆனால் ஏன் என்று ஒரு வரிகூட இல்லை.

இப்போது பருத்தியில் ஓரம் நன்றாக விழுகிறது. பனியன் துணியில்தான் அடித்த பிறகு ஓரம் அலை அலையாக நிற்கிறது, இஸ்திரி போட்டாலும் முழுக்கப் படியவில்லை. இதுவும் டென்ஷனா? அப்புறம், ஒவ்வொரு தடவை நிறம் மாற்றும்போதும் இவ்வளவையும் திரும்பச் செய்ய வேண்டுமா, பழைய நூலோடு முடிச்சுப் போட்டு இழுக்கலாம் என்கிறார்களே?

பிசிறு எழுதியது:

அலைக்கு டென்ஷன் டயலைத் தொட வேண்டாம். டிஃபரென்ஷியல் ஃபீட் என்று தனியாக ஒரு டயலோ நெம்புகோலோ இருக்கும், பெரும்பாலும் 0.7இலிருந்து 2 வரை. துணியை நகர்த்தும் பற்கள் இதில் முன்பக்கம் ஒரு தொகுதி, பின்பக்கம் ஒரு தொகுதி. 1இல் வைத்தால் இரண்டும் ஒரே வேகம். 1ஐத் தாண்டினால் முன்பல் அதிகமாகத் தள்ளும், பின்பல் குறைவாக இழுக்கும், அதனால் நீளும் துணி நீளாமல் கூடிவந்து நிற்கும். 1.3இல் ஆரம்பித்து அலை போகும் வரை ஏற்றுங்கள், சுருக்கம் விழ ஆரம்பித்தால் கொஞ்சம் இறக்குங்கள். மெல்லிய வழுக்கும் துணி சுருங்கிச் சுருங்கி வந்தால் அதற்கு 1க்குக் கீழே. டயலில் போகவில்லை என்றால் ஃபுட் அழுத்தத்தைக் குறைத்துத் தையல் நீளத்தைக் கூட்டுங்கள். எதிலும் பின்னாலிருந்து துணியை இழுக்காதீர்கள், அலைக்குப் பாதிக் காரணம் கைதான்.

முடிச்சுப் போடுவதில் தவறே இல்லை. பழைய நூலைக் கோனுக்குப் பக்கத்தில் வெட்டி, புதுநூலை முடிந்து, ஃபுட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக இழுங்கள். லூப்பர் கண் பெரிது, சின்ன முடிச்சு தாராளமாகப் போய்விடும். ஊசிக் கண்ணுக்கு முன்னால் மட்டும் முடிச்சை வெட்டி எடுத்துவிட்டுக் கையால் கோருங்கள். முடிச்சு ஊசியில் சிக்கினால் ஊசி வளையும்.

சாமணம் எழுதியது:

முடிச்சு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வாங்கியவர்கள் கொஞ்ச காலம் முடிச்சை மறந்துவிட்டு முழுதாகவே கோர்த்துப் பழக வேண்டும் என்பேன். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட முடியாது, அவசரமாகத் தைக்கும்போதுதான் அது அறும்.

எல்லா நிறத்திலும் நாலு நாலு கோன் வாங்கி அடுக்கவும் வேண்டாம். தைத்த இணைப்பை (சீம்) விரித்தால் வெளிப்பக்கம் தெரிவது இடது ஊசி நூல்தான், அது மட்டும் துணியோடு ஒத்துப்போனால் போதும், மற்ற மூன்றும் சாம்பலோ வெள்ளையோ இருந்துவிட்டுப் போகட்டும்.

நாலுகோன் எழுதியது:

டீ-ஷர்ட் தைக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் கத்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குண்டூசி வேண்டாம், கிளிப் போடுங்கள். ஊசியாவது உடைந்தால் மாற்றிவிடலாம், குண்டூசி மேல் கத்தி இறங்கினால் கத்தி மழுங்கும், துண்டு எங்கே தெறிக்கும் என்றும் சொல்ல முடியாது. குண்டூசிதான் வேண்டும் என்றால் விளிம்பிலிருந்து தள்ளி, விளிம்புக்கு இணையாகக் குத்துங்கள். கை, கழுத்து போன்ற வளைவுகளில் உடையின் மற்றப் பகுதி அடியில் மடிந்து கத்திக்குள் போய்விடும், அதைத் தைத்துத் திருத்த வழியில்லை. அடிப்பதற்கு முன் ஒரு தடவை கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பிரிக்க வேண்டி வந்தால் லூப்பர் நூல்களோடு போராடாதீர்கள். முனையில் தொங்கும் நூல் சங்கிலியை விரித்தால் இரண்டு நூல் குட்டையாக இருக்கும், அவை ஊசி நூல்கள். அவற்றை உருவினால் மற்ற இரண்டும் தானே கழன்றுவிடும்.

நெசவுத் துணியில், அதுவும் இழுபடும் இடங்களில், முதலில் சாதாரண மெஷினில் நேர்த் தையல் போட்டுவிட்டுப் பிறகு ஓரத்துக்கு ஓவர்லாக் அடியுங்கள். பனியன் துணிக்கு நாலு நூல் தையல் ஒன்றே போதும். தொடக்கத்தில் பின்னோக்கி அடித்துப் பூட்டும் வசதி இதில் இல்லை, அதனால் இன்னொரு சீம் குறுக்கே வராத முனைகளில் சங்கிலியை ஒரு விரல் நீளம் விட்டு வெட்டி, பெரிய கண் உள்ள மொட்டை ஊசியில் கோர்த்துத் தையலுக்குள்ளேயே செருகிவிடுங்கள்.

புதுநூல் எழுதியது:

1.5இல் வைத்தேன், அலை போய்விட்டது. மொட்டை ஊசி ஒன்று தையல் பெட்டியில் கிடக்கிறது. அடுத்து ஓரம் உருட்டி பீக்கோ மாதிரி அடிக்க ஆசை, அதற்கு இடது ஊசியை எடுத்துவிட வேண்டுமா?

பிசிறு எழுதியது:

ஆமாம், இடது ஊசியையே கழற்றிவிடுங்கள், திருகைத் தொலைக்காமல் அங்கேயே இறுக்கி வையுங்கள். தையல் தகட்டில் ஸ்டிச் ஃபிங்கர் என்ற சின்ன முள் இருக்கும், அதை விலக்க வேண்டும், சில மெஷின்களில் நெம்புகோலைத் தள்ளினால் உள்ளே போகும், சிலவற்றில் தகட்டையே மாற்ற வேண்டும். கீழ் லூப்பரை நன்றாக இறுக்கி, நீளத்தை 1க்கும் 1.5க்கும் நடுவில் வைத்தால் விளிம்பு தானே சுருண்டு நூலுக்குள் போய்விடும். மெல்லிய துணியில் ஆரம்பியுங்கள், தடித்த துணி உருளாது.